யுறேனஸ்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கப் பாடசாலைகளுக்கோ வாசிகசாலைகளுக்கோ தொலைகாட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் முதலில் கேட்பது சனியின் வளையத்தைத்தான். அதைக் காட்டி முடித்து, "இனி யுறேனஸைப் பார்ப்போம்" என்றதும் வரிசை குறைந்துவிடும், கேள்விகள் கூடிவிடும். மல்லாவியில் கேட்டதையே புதுக்குடியிருப்பிலும் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

பதில்களில் ஒரு விடயத்தைப் பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன்: எது கண்ணால் கண்டது, எது கருவியால் அளந்தது, எது கணக்குப் போட்டு ஊகித்தது. யுறேனஸைப் பொறுத்தவரை மூன்றாவது வகை கொஞ்சம் அதிகம்.

சேர், யுறேனஸ் எண்டால் நட்சத்திரமோ, கோளோ?

கோள். சூரியனிலிருந்து ஏழாவது, சனிக்கு அடுத்தது, நெப்தியூனுக்கு முந்தியது. விட்டம் 51,118 கிலோமீற்றர். நான்கு பூமிகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் அந்த அகலம் வரும். நிறை பூமியைப் போல் பதினான்கரை மடங்கு. சூரியனிலிருந்து சராசரித் தூரம் 287 கோடி கிலோமீற்றர் அளவில் என்பதால், சூரிய ஒளி அங்கே போய்ச் சேரவே 2 மணித்தியாலம் 40 நிமிடம் எடுக்கும். சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 வருடம்.

வெறுங்கண்ணால பாக்கேலுமோ?

ஏலும், ஆனால் பொறுமை வேண்டும். அதன் ஒளிர்வு எண் 5.7 அளவில் இருக்கும்; இந்த எண் கூடக் கூட மங்கல். நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கு எட்டும் எல்லை ஏறக்குறைய 6. கொழும்பில் இருந்துகொண்டு இதை நினைத்தும் பார்க்க முடியாது. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம், தெருவிளக்கு எட்டாத ஒரு முற்றத்தில், நிலவில்லாத இரவில் நின்றால் பிடிபடும். இந்த ஒரு விடயத்தில் வன்னியின் இருட்டு எங்களுக்கு வாய்த்த வசதி.

கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். இடையில் பக்கத்தில் நிற்பவர் நேரம் பார்க்கப் போனை எடுத்தால் அந்த இருபது நிமிடமும் போச்சு. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இன்னொன்று, மங்கலான புள்ளியை நேராக உறுத்துப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றுப் பக்கத்துக்கு விலக்கினால் ஓரக்கண்ணில் தெரியும். 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் யாரிடமாவது இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், சுலபமாகத் தெரியும்.

எப்ப, எங்க தேடுறது?

2026, 2027 ஆம் ஆண்டுகளில் தேடுவது மிகச் சுலபம், ஏனென்றால் அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கார்த்திகையைத் தெரியாதவர் எங்கள் ஊர்களில் குறைவு. கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடியுங்கள். கார்த்திகையிலிருந்து தெற்குப் பக்கமாக ஏறக்குறைய அந்த அகலம் தள்ளிப் பைனாகுலரால் துழாவுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்டெல்லாரியம் போன்ற செயலியைச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். யுறேனஸ் வருடத்துக்கு நாலேகால் பாகை அளவில்தான் நகரும் என்பதால் இந்த அடையாளம் உடனே பிழைத்துப் போகாது.

காலம்தான் சிக்கல். கார்த்திகை விளக்கீட்டை ஒட்டிய நாட்களில் அது இரவு முழுக்க வானில் இருக்கும், பூமிக்கும் கிட்ட வந்திருக்கும். ஆனால் அப்போது வன்னியில் மாரி கொட்டும். வானத்தையே காண முடியாது. ஆகவே தைப்பொங்கல் கழியட்டும். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை, இருண்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பாருங்கள். தையில் அது உச்சிக்குக் கிட்டவே நிற்கும், கழுத்து நோகும். முற்றத்தில் பாயை விரித்துப் படுத்துப் பார்ப்பது புத்தி. வைகாசியில் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். ஆவணியில் மறுபடி விடியப்புறத்தில் வடிவாகத் தெரியும்.

குளக்கட்டில நிண்டு பாத்தால் இன்னும் நல்லாத் தெரியுமே?

தெரியும். யானைக்கும் உங்களைத் தெரியும். வேண்டாம். வீட்டு முற்றம் அல்லது பாடசாலை மைதானம் போதும்.

தொலைகாட்டிக்குள்ளயும் சின்னப் புள்ளிதானே? போனில பாத்த படம் எங்க?

வானத்தில் அதன் தோற்ற அகலம் முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. நூறு மடங்கு பெரிதாக்கினாலும் ஒரு சிறு வட்டமாகவே தெரியும். ஆனால் அந்த வட்டத்தை ஆறுதலாகப் பாருங்கள். பக்கத்து நட்சத்திரங்கள் ஊசிமுனைபோல மினுங்கும். இது மினுங்காது, கரை இருக்கும், பச்சை கலந்த நீலம் தெரியும். போனில் வரும் பெரிய படங்கள் 1986இல் வொயேஜர் 2 விண்கலம் பக்கத்தில் போய் எடுத்தவை, அல்லது ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி அகச்சிவப்பில் எடுத்தவை. அகச்சிவப்புப் படத்தின் நிறங்கள் கண் காணும் நிறங்கள் அல்ல, பிறகு சேர்த்தவை.

நவக்கிரகத்துக்குள்ள இது ஏன் இல்லை?

கோயிலில் நாங்கள் சுற்றும் ஒன்பதில் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்ற ஏழும் எவரும் வெறுங்கண்ணால் காணக்கூடியவை, நகர்வதும் தெளிவாகத் தெரியும். ராகுவும் கேதுவும் நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள். யுறேனஸோ கண்ணுக்கு மிக மங்கல். சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம் என்றால், இதற்கு ஏழு வருடம். நகர்வது தெரியாவிட்டால் அது ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களில் ஒன்றுதான்.

"அப்ப என்ர சாதகம் பிழையோ?" என்று அடுத்த கேள்வி உடனே வரும். அதைச் சாத்திரியாரிடம் கேளுங்கள். என்னிடம் இருப்பது தொலைகாட்டி மட்டும்.

கண்ணுக்குத் தெரியுமெண்டால் 1781 மட்டும் ஏன் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை?

கண்டார்கள், கோள் என்று அறியவில்லை. 1690இல் இங்கிலாந்தின் ஜோன் ஃபிளாம்ஸ்டீட் அதைப் பார்த்து, இடப ராசி மண்டலத்தின் 34ஆவது நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதிவைத்தார். 1781 மார்ச் 13ஆம் திகதி வில்லியம் ஹெர்ஷல், பாத் நகரத்தில் தன் வீட்டுப் பின்வளவில் இருந்து பார்த்தார். அவர் தொழிலால் இசைக்காரர், தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். தொலைகாட்டியின் ஆடியைத் தானே தேய்த்துச் செய்தவர். அந்த ஆடி நன்றாக இருந்தபடியால் அந்தப் புள்ளிக்கு அகலம் இருப்பதைக் கண்டார், மேலே சொன்ன அதே சிறு வட்டம். அவரும் முதலில் வால்வெள்ளி என்றுதான் நினைத்தார். பாதையைக் கணக்குப் போட்ட பிறகே சனிக்கு அப்பால் இன்னொரு கோள் என்பது உறுதியாயிற்று.

காலத்தை மனத்தில் பிடிக்க ஒரு வழி: பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய 1803க்கு 22 வருடம் முந்தியது இது. கண்டுபிடித்த நாளிலிருந்து யுறேனஸ் மூன்று சுற்றை முடிப்பது 2033இல்தான். ஃபிளாம்ஸ்டீட்டின் 1690இலிருந்து எண்ணினால் நான்கு சுற்று 336 வருடம், 2026 வருகிறது. அவர் எந்த இடத்தில் அதை நட்சத்திரமென்று எழுதினாரோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் இப்போது நாங்களும் தேடுகிறோம். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும்.

நெப்தியூனைக் கணக்குப் போட்டே பிடிச்சவை எண்டு சொல்லுறது உண்மையோ?

உண்மை, அதற்குக் காரணமே யுறேனஸ்தான். கணக்கிட்ட பாதையில் அது போகவில்லை, கொஞ்சம் விலகியது. வெளியே ஏதோ ஒன்று இழுக்கிறது என்று பிரான்ஸின் லெ வெரியே கணக்குப் போட்டு, அந்த ஒன்று வானில் எங்கே நிற்கும் என்றும் எழுதி அனுப்பினார். 1846 செப்டெம்பர் 23 இரவு பெர்லினில் யோகான் கல்லே அந்த இடத்தில் தேடினார். அன்றிரவே கிடைத்தது.

யுறேனஸ் பனிப் பெருங்கோள் எண்டால், ஐசில நடக்கிற மாதிரி நடக்கலாமோ?

நடக்க நிலமே இல்லை. மேலே இருப்பது ஐதரசன், ஈலியம், கொஞ்சம் மெதேன். கீழே போகப் போக வளி நெருங்கி நெருங்கி, எல்லைக்கோடு எதுவும் இல்லாமல் திரவம்போல ஆகிவிடும். அந்த ஆழத்தில் இருப்பவை நீர், அமோனியா, மெதேன். கோள் உருவான காலத்தில் இவை குளிரில் உறைந்த நிலையில் சேர்ந்தவை என்பதால் வானியலாளர்கள் பனி என்கிறார்கள். இப்போது அங்கே ஆயிரக்கணக்கான பாகை வெப்பம், பயங்கர அமுக்கம். பெட்டியில் வைத்து விற்கும் ஐசை நினைக்க வேண்டாம்.

ஈர்ப்பு மட்டும் நினைப்பதை விடக் குறைவு. கோள் பெரிது என்றாலும் மேக மட்டத்தில் பூமியின் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்குதான். இங்கே 50 கிலோ காட்டும் அரிசி மூட்டை அங்கே வில் தராசில் 45 கிலோதான் காட்டும். உட்பகுதி பற்றிய பேச்சு முழுவதும் கணக்கு. ஈர்ப்பையும் காந்தப் புலத்தையும் அளந்து அதிலிருந்து ஊகித்தது.

யுறேனஸ் வெளிர் நீலம், நெப்தியூன் கடும் நீலம். ஏன் அப்பிடி?

மெதேன் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும்; மிஞ்சித் திரும்புவது நீலமும் பச்சையும். இது இரண்டுக்கும் பொது. நெப்தியூனின் அந்தக் கடும் நீலம் பெரும்பாலும் படத்தில் செய்த வேலை. 1989இல் வொயேஜர் எடுத்த படங்களில் முகில்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நீலத்தைக் கூட்டினார்கள், அதுவே எல்லாப் பாடப்புத்தகங்களிலும் நிலைத்துவிட்டது. 2024 ஜனவரியில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் நிறத்தைத் திருத்திக் கணக்கிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே பச்சை நீலம் என்று காட்டினார்கள். நெப்தியூனில் நீலம் ஒரு பிடி கூட, அவ்வளவுதான்.

அங்க கூழ் முட்டை மணமாமே?

ஓம். 2018இல் ஹவாயில் உள்ள ஜெமினி தொலைகாட்டியால் யுறேனஸின் மேகங்களுக்கு மேலே ஐதரசன் சல்பைட்டு வளியை அளந்தார்கள். கூழ் முட்டை நாறுவது அதே வளியால்தான். மணம் பிடிக்கும் வரை அங்கே ஒருவர் உயிரோடு இருக்க மாட்டார் என்பது வேறு கதை.

வைர மழை பெய்யுதெண்டு வீடியோ போடுறாங்கள். அள்ளிக்கொண்டு வரேலாதோ?

பெய்வதை எவரும் காணவில்லை. எந்தக் கருவியும் அளக்கவும் இல்லை. நான் முதலில் சொன்ன மூன்றாவது வகை இது. மெதேனில் காபன் இருக்கிறது. ஆழத்து வெப்பத்திலும் அமுக்கத்திலும் அந்தக் காபன் பிரிந்து வைரமாக இறுகலாம் என்பது கணக்கு. 2017இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வுகூடத்தில் பொலிஸ்டைரீனை, ரெஜிபோம் செய்யும் அதே பொருளை, லேசரால் அடித்து அந்த அளவு அமுக்கத்தைக் கண நேரம் உண்டாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வைரங்கள் உருவாயின. ஆகவே நடக்கக்கூடியது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

அள்ளுவது பற்றி: அது பல்லாயிரம் கிலோமீற்றர் ஆழத்து விடயம். 1995இல் வியாழனின் வளிமண்டலத்துக்குள் இறக்கிய கலிலியோவின் ஆய்வுக்கலம், மேற்பரப்புப் பகுதியிலேயே ஒரு மணித்தியாலம் அளவில்தான் தாக்குப்பிடித்தது. வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

ஒரு நாள் 17 மணித்தியாலம் எண்டும் சொல்லுறியள், இரவு 42 வருசம் எண்டும் சொல்லுறியள். எது சரி?

இரண்டும் சரி. கேட்பவர் வடிவாகக் கவனித்திருக்கிறார் என்பதற்கு இந்தக் கேள்வியே அடையாளம். யுறேனஸ் தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 17 மணித்தியாலம் 14 நிமிடம் எடுக்கும். ஆனால் அதன் அச்சு 98 பாகை சாய்ந்திருக்கிறது. பூமியின் சாய்வு 23.5 பாகைதான். மற்றக் கோள்கள் நிமிர்ந்து நின்று சுழல, இது படுத்துக்கொண்டு சுழல்கிறது, நிலத்தில் உருளும் தார்ப் பீப்பாய் மாதிரி.

அந்தப் பீப்பாயின் ஒரு வாய் சூரியனைப் பார்த்திருந்தால், எவ்வளவு சுழன்றாலும் அந்த வாய் வெளிச்சத்திலேயே இருக்கும், மற்ற வாய் இருட்டிலேயே இருக்கும். 84 வருடச் சுற்றில் பாதி, அதாவது 42 வருடம், ஒரு துருவத்துக்குப் பகல். மீதி 42 வருடம் இரவு. 1986இல் தென்துருவம் சூரியனைப் பார்த்திருந்தது. 2007 டிசம்பரில் பீப்பாயின் பக்கம் சூரியனைப் பார்த்தது. அப்போது அங்கேயும் சாதாரணமாகப் பதினேழு மணித்தியாலத்துக்குள் பகலும் இரவும் மாறின. 2030ஐ ஒட்டி வடதுருவம் நேராகச் சூரியனைப் பார்க்கும்.

ஆர் தள்ளி விழுத்தினது?

பூமியளவோ அதைவிடப் பெரிதோ ஆன ஒரு பொருள் ஆதிகாலத்தில் மோதியிருக்கலாம் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

நெப்தியூன்தானே தூரம்? பிறகேன் யுறேனஸில கூடக் குளிர்?

யுறேனஸின் வளிமண்டலத்தில் அளந்த ஆகக் குறைந்த வெப்பநிலை −224 பாகை செல்சியஸ். வேறு எந்தக் கோளின் வளிமண்டலத்திலும் இவ்வளவு குறைவாக அளந்ததில்லை. நெப்தியூன் சூரியனிலிருந்து பெறுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தன் உள்ளிருந்து சேர்த்து வெளியே விடுகிறது. யுறேனஸில் அப்படி ஒன்றுமே இல்லை என்று வொயேஜரின் அளவீடு காட்டியது, நாற்பது வருடம் அதையே எல்லோரும் படித்தோம். 2025இல் வந்த ஆய்வுகள், பெறுவதை விட 12 முதல் 15 சதவீதம் கூடுதலாக விடுகிறது என்று திருத்தின. கொஞ்சம் உண்டு, ஆனால் நெப்தியூனோடு ஒப்பிட முடியாது. உள்வெப்பம் முன்பே வெளியேறிவிட்டதா, வெளியே வரவிடாமல் ஏதாவது படை மறிக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இதுக்கும் வளையம் இருக்காமே?

13 வளையங்கள். கரிய நிறம், மெல்லியவை. எங்கள் தொலைகாட்டிக்கு எட்டாது. கண்டுபிடித்த விதம்தான் சுவாரசியம். 1977 மார்ச் 10ஆம் திகதி யுறேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனது. வளிமண்டலத்தை அளக்கலாம் என்று ஒரு குழு தொலைகாட்டி பூட்டிய விமானத்தில் இந்து சமுத்திரத்துக்கு மேலே பறந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் பலமுறை அணைந்து அணைந்து எரிந்தது. கோள் கடந்துபோன பிறகு மறுபக்கத்திலும் அதே மாதிரி. வளையங்கள் குறுக்கே வந்திருக்கின்றன.

அதே இரவில் காவலூரிலிருந்தும் இந்த மறைப்பைப் பதிவு செய்தார்கள். எங்கள் ஊர்காவற்றுறையை நினைத்துச் சந்தோசப்பட வேண்டாம். இது தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானியல் நிலையம்.

நிலவுகள் எத்தனை?

29. கடைசியாகச் சேர்ந்தது 2025இல் ஜேம்ஸ் வெப் படத்தில் அகப்பட்ட, 10 கிலோமீற்றர் அளவிலான ஒரு துண்டு. ஐந்துதான் பெரியவை: மிராண்டா, ஏரியல், அம்ப்ரியல், டைட்டானியா, ஒபெரோன்.

இவற்றில் எனக்குப் பிடித்தது மிராண்டா. 470 கிலோமீற்றர் விட்டம்தான். ஆனால் அதில் ஒரு செங்குத்துப் பாறைமுகம் இருக்கிறது, வெரோனா ரூபெஸ் என்று பெயர். உயரம் 20 கிலோமீற்றர் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஈர்ப்பு மிகச் சொற்பம் என்பதால், உச்சியிலிருந்து ஒரு கல்லைத் தவறவிட்டால் கீழே விழ ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் ஈர்ப்பு ஆர்முடுகலை 0.079 என்று போட்டுக் கணக்கைச் சரிபார்க்கலாம்.

ஒரேயொருக்காப் போய்ப் பாத்ததை வைச்சு எப்பிடி இவ்வளவும் சொல்லுறியள்?

நியாயமான கேள்வி, இருப்பதில் இதுதான் கடினமானது. 1986 ஜனவரி 24ஆம் திகதி வொயேஜர் 2 மேக மட்டத்திலிருந்து 81,500 கிலோமீற்றர் தூரத்தில் கடந்துபோனது. நிற்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எந்த விண்கலமும் போகவில்லை. மற்றதெல்லாம் ஹபிள், ஜேம்ஸ் வெப், தரையிலுள்ள பெரிய தொலைகாட்டிகள் தூரத்திலிருந்து பார்த்தவை.

ஒருமுறை பார்த்ததில் உள்ள ஆபத்துக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. யுறேனஸின் காந்தப் புலம் சுழற்சி அச்சிலிருந்து 59 பாகை விலகி, மையத்துக்கும் வெளியே தள்ளி இருக்கிறது. அது சரியான அளவீடு. ஆனால் அந்தப் புலத்துக்குள் துகள்கள் நிறைந்திருந்த விதம் எவருக்கும் விளங்காத புதிராக இருந்தது. 2024இல் பழைய தரவுகளைத் திரும்பக் கிளறிப் பார்த்தார்கள். வொயேஜர் போய்ச் சேர்வதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பலமான சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களின் ஓட்டம், அந்தப் புலத்தைப் பிடித்து அமுக்கியிருக்கிறது. நூற்றில் நான்கு பங்கு நேரமே அப்படி இருக்கும். அந்த அபூர்வ நிலையைத்தான் அதன் வழமை என்று எழுதிவைத்திருந்தோம்.

இன்னொன்று, மேலே பீப்பாய்க் கேள்வியில் சொன்னபடி 1986இல் தென்துருவம்தான் வெளிச்சத்தில் இருந்தது. அதனால் பெரிய நிலவுகளின் வடபாதியைக் கிட்ட நின்று எவரும் இதுவரை பார்க்கவில்லை. மிராண்டாவிலும் அப்படித்தான்.

அப்ப திரும்ப எப்ப போவினம்?

2022இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை, அடுத்த பெரிய கோள் பயணங்களில் முதலிடத்தை யுறேனஸுக்குக் கொடுத்தது. சுற்றிவர ஒரு கலம், வளிமண்டலத்துக்குள் இறக்க இன்னொன்று. ஆனால் பரிந்துரை வேறு, காசு வேறு. அங்கே சூரிய ஒளி இங்கே கிடைப்பதில் 370இல் ஒரு பங்கு அளவில் என்பதால் சூரியத் தகடு போதாது. புளூட்டோனியம் மின்கலம் வேண்டும், அது தாராளமாகக் கிடைக்கும் பொருளும் அல்ல.

பயணத்துக்கே 12, 13 வருடம் எடுக்கும். 2050ஐ ஒட்டிப் பீப்பாயின் பக்கம் மறுபடி சூரியனைப் பார்க்கத் தொடங்கும். அதன் பிறகு வடபாதிகள் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குள் போகும். ஆகவே அந்தப் பாதிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் 2030களுக்குள் ஏவியாக வேண்டும்.